மூவாயிரம் பூவராகன்

1808ஆம் ஆண்டில் மலங்கரைச் சிரியன் கிறிஸ்தவ சபை தன் நிதியிலிருந்து 3,000 பூவராகனை எடுத்து, அக்காலத்தில் திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் ரெசிடெண்டாக இருந்த கர்னல் கோலின் மெக்காலேயின் மூலமாகக் கிழக்கிந்தியக் கும்பினியின் பொக்கிஷத்தில் வைப்பாகச் செலுத்தியது. நட்சத்திர முத்திரை தாங்கிய அந்த வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் வீதம் கணக்கிட்டால் மூலதனம் 10,500 ரூபாய். வட்டி நூற்றுக்கு 8. ஆண்டு வருமானம் 840 ரூபாய். தவணை என்பது கிடையாது. சந்திர சூரியர் உள்ளவரை என்று நம் பழைய சாசனங்கள் சொல்லும் முறையில், அசல் அசையாமல் கிடக்க, வட்டி மட்டும் வருஷந்தோறும் சபையின் தருமங்களுக்கு வந்துகொண்டிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மலையாள நாட்டில் வட்டிப்பணம் என்ற பெயராலேயே பிரசித்தி பெற்றுவிட்ட இந்தச் சிறு தொகை, தென்னிந்தியத் திருச்சபைச் சரித்திரத்தில் வேறெந்தச் செல்வமும் கிளப்பாத அளவு வழக்குகளையும் பிளவுகளையும் கிளப்பியது.

ஆனால் அந்த வழக்குகள் அனைத்தும் ஒரே வினாவைச் சுற்றியே சுழன்றன: வட்டியை வாங்கிக் கையெழுத்திடும் உரிமை யாருக்கு? வாங்கிய பணத்தைக் கும்பினி எதில் போட்டது, 840 ரூபாய் எந்த விளைநிலத்திலிருந்து விளைந்து வந்தது என்ற இன்னொரு வினா, இந்த விவகாரத்தைக் குறித்த எழுத்துகளில் தலைகாட்டுவதே இல்லை. திருச்சபைகள் தங்கள் நிதியை ஆயுத வியாபாரத்தில் ஈடுபடுத்தலாகாது என்று மேல்நாட்டுச் சபைகள் பலவும் விதி வகுத்துக்கொண்டுவிட்ட இந்நாளில், கேட்கப்படாமற்போன அந்த வினாவைப் பின்னோக்கிச் சென்று கேட்டுப் பார்ப்பதில் பிழையில்லை என்பது என் எண்ணம். அக்காலத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நோக்கமன்று. அந்த வினா அவர்களுக்கு ஏன் தோன்றியிருக்க நியாயமில்லை என்பதுதான் விசாரிக்கத் தக்கது.

அதற்கு மட்டாஞ்சேரியிலிருந்து தொடங்குவதே முறை. கொச்சிக் காயலின் மேற்குக் கரையில், கிடங்குகள் நீரைத் தொட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் அந்தக் கடைத்தெருவில், போர்த்துகீசியர் கொச்சி அரசருக்குக் கட்டிக்கொடுத்த அரண்மனையும், அதன் அருகிலேயே யூதர்களின் ஜெபாலயமும், கொங்கணிகளின் திருமலைத் தேவர் கோயிலும், குஜராத்தி வணிகர்களின் வீதியும், இவற்றுக்குச் சற்று அப்பால் கூனன் சிலுவைக் கோயிலும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கும் தூரத்தில் அமைந்திருப்பதைக் காணும் எவருக்கும், இவ்வூரில் தெய்வமும் வாணிகமும் ஒருநாளும் தனித்தனியே குடியிருந்ததில்லை என்பது விளங்கிவிடும். இந்த வாணிகத்துக்கெல்லாம் தாய் மிளகு. அந்த மிளகை மலையடிவாரத்துத் தோட்டங்களில் விளைவித்து, தோணிகளில் ஏற்றிக் கொச்சிக்குக் கொண்டுவந்தவர்களில் கணிசமான பகுதியினர் சிரியன் கிறிஸ்தவர்கள், அதாவது நஸ்ராணிகள்.

நஸ்ராணிகள் வணிகர்களாக மட்டும் இருக்கவில்லை. அவர்கள் படைக்கலம் பயின்ற மக்கள். களரியில் பயின்று, வாளும் கேடயமும் பின்னர்த் துப்பாக்கியும் தாங்கி, கொச்சி முதலிய மலையாள நாட்டுச் சிற்றரசர்களின் சேனைகளில் அவர்கள் பணிபுரிந்ததையும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயுதபாணிகளாகவே கோயிலுக்கு வந்து, முகப்பு மண்டபத்தில் ஆயுதங்களை வைத்துவிட்டு உள்ளே பூசை கண்டதையும் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த போர்த்துகீசியப் பாதிரிமார் வியப்போடு எழுதிவைத்தார்கள். அதே நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்களுடைய மேற்றிராணியாராக இருந்த மார் யாக்கோபு, போர்த்துகல் அரசனுக்கு எழுதிய கடிதத்தில், தம் மக்களின் மிளகு நேரே கொச்சிக் கோட்டைக்கு வந்து சேரும்படி ஏற்பாடு செய்வதாகவும், வேண்டிய வேளையில் தம் மக்கள் போர்வீரர்களாகவும் வந்து நிற்பார்கள் என்றும் ஒரே மூச்சில் எழுதினார். மிளகுக்கும் வாளுக்கும் இடையே சுவர் எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் அந்த ஆயருக்குத் தோன்றவில்லை. பிரான்சிஸ் சவேரியார் 1549இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதமொன்றில் பெரிதும் புகழ்ந்துரைத்த சாதுவான கிழவர் அவரே என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஆயுத விற்பனையைத் திருச்சபை கண்டித்ததே இல்லையா என்றால், கண்டித்தது. ஆனால் வேறு காரணத்துக்காக. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம், முகம்மதியருக்கு ஆயுதமும் இரும்பும் கப்பல் கட்டும் மரமும் விற்கும் கிறிஸ்தவர்களைச் சபைக்குப் புறம்பாக்கியது. அந்தத் தடை ரோமாபுரியில் பெரிய வியாழக்கிழமைதோறும் வாசிக்கப்பட்டுவந்த பாப்பரசரின் சாபப் பட்டியலில் இடம்பெற்று, 18ஆம் நூற்றாண்டுவரை நீடித்தது. விற்பவன் கையில் இரத்தக் கறை படிகிறதே என்பது அதன் கவலையன்று. சரக்கு எதிரியின் கையில் சேர்கிறதே என்பதுதான். ஆயுதத்தால் வரும் ஆதாயம் தன்னளவிலேயே பழுதுடையது என்ற கருத்துக்கு அங்கே இடமில்லை.

1653ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி மட்டாஞ்சேரியில் நடந்த கூனன் சிலுவைச் சத்தியத்திலும், கோயில் முற்றத்துச் சிலுவையில் கயிறுகளைக் கட்டி, கைக்கெட்டாதவர்கள் கயிற்றைப் பற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கில் செய்த அந்தப் பிரதிக்ஞையிலும், பேசப்பட்டது பாதிரிமாரின் ஆதிக்கமே. யேசு சபைப் பாதிரிமாருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று முடிவு செய்த மக்கள், பத்தே ஆண்டுகளில், 1663 ஜனவரியில், டச்சுக்காரர்களின் பீரங்கிகள் போர்த்துகீசியரைக் கொச்சியிலிருந்து விரட்டியதைக் கண்டார்கள். கோட்டைக்குள் இருந்த சாந்தா குரூஸ் பேராலயத்தை டச்சுக்காரர்கள் ஆயுதக் கிடங்காக மாற்றிக்கொண்டார்கள் என்பது கொச்சியில் வழங்கிவரும் வரலாறு. பலிபீடம் நின்ற கூரையின்கீழே படைக்கலங்கள் அடுக்கப்பட்ட அந்தக் காட்சியைப் பற்றி ஒரு புலவன் பாடியிருக்கலாம். டச்சுக் கணக்கப்பிள்ளைகளுக்கு அது ஒரு விசாலமான கட்டடம், அவ்வளவே.

டச்சுக்காரர்களும் தருமம் செய்தார்கள்; அதையும் கணக்குப் பார்த்தே செய்தார்கள். அவர்களுடைய நகர்களில் ஏழைகள் நிதி, அநாதைகள் நிதி என்று தனித்தனியே மூலதனம் வைத்து, அதை வட்டிக்கு விட்டு, வரும் வட்டியில் கஞ்சி வார்ப்பது வழக்கம். கொச்சியும் அதற்கு விலக்கன்று. அதே டச்சுக் கும்பினி 1753இல் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவோடு மாவேலிக்கரையில் செய்துகொண்ட உடன்படிக்கையைப் பாருங்கள். குறித்த விலைக்கு மிளகு கொடுக்க அரசர் இணங்கினார். அதற்குக் கைம்மாறாக ஆண்டுதோறும் 12,000 ரூபாய் பெறுமான ஆயுதங்களையும் வெடிமருந்தையும் கொடுக்கக் கும்பினி இணங்கியது. தன் பழைய நண்பராகிய கொச்சி அரசருக்கு இனித் துணை நிற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. கோட்டயத்துக் கொடியில் பழுத்த மிளகு ஆம்ஸ்டர்டாம் போகவும், அதற்கு ஈடாக வந்த துப்பாக்கி கொச்சி நாட்டு வயல்களின்மேல் வெடிக்கவும் ஒரே தாளில் வழி வகுக்கப்பட்டது. அக்காலத்தில் இந்தக் கரையில் எந்தக் காசையும் எடுத்து, இது போர்க்காசு, இது புண்ணியக்காசு என்று பிரித்துக் காட்டக்கூடிய நாணயப் பரிசோதகன் ஒருவனும் இருந்திருக்க முடியாது.

இது கிறிஸ்தவர்களுக்கோ மலையாளத்துக்கோ மட்டும் உரிய நிலைமை என்று நினைத்துவிடக் கூடாது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், சேரனையும் பாண்டியரையும் வென்று கவர்ந்த பண்டாரத்திலிருந்து இராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த பொன்னை ஒளிவுமறைவின்றிக் குறிப்பிடுகின்றன. அதே சுவர்களில், கோயில் நிதியைக் கிராம சபைகள் கடனாகப் பெற்றதும், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டி செலுத்தியதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. போரில் வந்தது என்பது அங்கே நாணத்தக்க செய்தியாக இல்லை; கல்லில் வெட்டி எல்லாரும் படிக்கும்படி வைக்கத்தக்க பெருமையாக இருந்தது. சோழர் நேர்மையாகவே சொன்னார்கள் என்றுகூட ஒருவர் வாதிக்கலாம். பிற்காலத்து வைப்புச் சீட்டுகளில் பணத்தின் பூர்வோத்தரம் எழுதப்படுவதில்லை.

ஆங்கிலேயர் 1795இல் கொச்சியைக் கைப்பற்றினார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டால் ஊரைத் திருப்பிக்கொடுக்க நேருமோ என்ற அச்சத்தாலோ, கோட்டையைக் காத்து நிற்கும் செலவு வீண் என்ற எண்ணத்தாலோ, 1806இல் அவர்கள் கோட்டையையும் அதனுள் இருந்த பெரிய கட்டடங்களையும் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். சாந்தா குரூஸ் பேராலயமும் அதில் அழிந்தது. அதன் கருங்கல் தூண் ஒன்று மட்டும் இன்றைய பேராலய வளாகத்தில் நின்றுகொண்டிருக்கிறது. இந்த இடிபாடுகளின் புழுதி அடங்குவதற்குள், அதே ஆண்டின் இறுதியில், கல்கத்தாவிலிருந்து கிளாடியஸ் புக்கானன் என்ற ஆங்கிலப் பாதிரியார் வந்து சேர்ந்தார். மட்டாஞ்சேரி யூதர்களிடமும் மலைநாட்டுச் சிரியன் கோயில்களிலும் பழைய ஏட்டுப்பிரதிகளைத் தேடித் திரட்டிய அவரிடம், முதியவராகிய மேற்றிராணியார் மார் திவன்னாசியோஸ் பழமை வாய்ந்த சிரியன் விவிலியப் பிரதியொன்றை ஒப்படைத்தார். புக்கானனுக்கு உதவியாக நின்றவர் ரெசிடெண்ட் மெக்காலே.

இந்த மெக்காலேயைச் சாதாரணச் சிப்பாய் அதிகாரி என்று ஒதுக்கிவிட முடியாது. 1780இல் பொள்ளிலூரில் ஹைதர் அலி கும்பினிப் படையை முறியடித்தபோது சிறைப்பட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சில ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர் அவர். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட ஸக்கரி மெக்காலேயின் சகோதரர். இந்தியக் கல்வித் திட்டத்தால் நாமறிந்த மெக்காலேயின் பெரிய தகப்பனார். மனிதரை விற்று வரும் ஆதாயம் பாவம் என்று இங்கிலாந்தில் தம் சகோதரர் முழங்கிக்கொண்டிருந்த காலத்தில், கொச்சிக் காயலோரத்தில் இவர் திருச்சபையின் பணத்தை வாங்கிக் கும்பினியின் கணக்கில் வரவு வைத்தார். இதில் முரண்பாடு எதையும் அவர் கண்டிருக்கமாட்டார். நலிந்த ஒரு கிறிஸ்தவ சமூகத்தின் சொத்துக்குக் காப்பான இடம் தேடிக்கொடுத்ததாகவே அவர் மனம் நிறைந்திருக்கும்.

காப்பு என்ற அந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. 1808இல் மலையாள நாட்டில் ஒருவர் 3,000 பூவராகனை எங்கே வைக்கலாம்? கோயில் பண்டாரத்தில் வைக்கலாம். ஆனால் 1791இல் கொச்சி அரசர் சக்தன் தம்புரானுக்கும் கொங்கணி வணிகர்களுக்கும் மூண்ட பகையில் மட்டாஞ்சேரித் திருமலைத் தேவர் கோயில் சூறையாடப்பட்டதையும், கொங்கணிகள் தங்கள் மூர்த்தியை எடுத்துக்கொண்டு திருவிதாங்கூருக்குள் ஓடியதையும் கண்ட கண்கள் இன்னும் மூடவில்லை. பெரிய வணிகரிடம் கொடுத்துவைக்கலாம். ஆனால் மரமும் மிளகும் விற்று, திருவிதாங்கூர் அரசவையிலேயே செல்வாக்கு வகித்த தச்சில் மாத்து தரகன் 1799இல் வேலுத்தம்பி தலைமையில் எழுந்த கிளர்ச்சியால் ஒரே நாளில் வீழ்ந்ததை நஸ்ராணிகள் பார்த்திருந்தார்கள். அரசரிடம் கொடுக்கலாம், அரசரே கும்பினிக்குக் கப்பம் கட்ட வழியின்றித் திண்டாடினார். எஞ்சியது கும்பினி ஒன்றுதான். அதன் வைப்பு ஏன் காப்பானது? அதனிடம் சேனை இருந்தது. வேறெந்தக் காரணமும் இல்லை. ஆயுதத்தின் வலிமையே அந்தப் பத்திரத்தின் ஜாமீன். ஆகவே, சபை ஆயுதத்திலிருந்து வரும் லாபத்தை நாடியது என்று சொல்வதைவிட, ஆயுதத்தின் நிழலை நாடியது என்று சொல்வதே பொருந்தும். நிழலுக்கு நூற்றுக்கு எட்டு வட்டியும் சேர்ந்து கிடைத்தது.

அந்த எட்டு எங்கிருந்து வந்தது? வெல்லெஸ்லி பிரபு காலத்து மைசூர் யுத்தமும் மராட்டிய யுத்தமும் கும்பினியின் இந்தியக் கடனைப் பன்மடங்கு பெருக்கியிருந்தன. உயர்ந்த வட்டி கொடுத்தாவது பணம் திரட்ட வேண்டிய நிலையில் அது இருந்தது. வணிக ஸ்தாபனம் என்ற பெயரைத் தாங்கிக்கொண்டிருந்தாலும், அக்காலத்தில் அதன் செலவுப் பட்டியலில் எல்லாவற்றையும் விடப் பெரிய இனம் படைச்செலவே. வருவாயோ நிலவரியும், சுதேச அரசர்களிடமிருந்து துணைப்படைக்கென்று பெற்ற கப்பமும். 1805 உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சுமை தாங்காமல்தான் திவான் வேலுத்தம்பி தம் பழைய நண்பராகிய மெக்காலேயோடு பகைத்துக்கொண்டார்.

பகை வெடித்தது, வட்டிப்பணம் கும்பினியின் பொக்கிஷம் புகுந்த அந்த 1808ஆம் ஆண்டின் இறுதியிலேயே. டிசம்பர் மாதக் கடைசியில், வேலுத்தம்பியின் ஆட்களும் கொச்சி மந்திரி பாலியத்து அச்சனின் ஆட்களும் சேர்ந்து, கொச்சியில் மெக்காலே தங்கியிருந்த மாளிகையை நள்ளிரவில் சூழ்ந்துகொண்டார்கள். மெக்காலே ஒளிந்திருந்து, தோணியேறி, வெளியே நின்ற ஆங்கிலக் கப்பலை அடைந்து உயிர் தப்பினார். சபையின் மூவாயிரம் வராகனுக்கு இடைநின்ற மனிதர் ஓர் அங்குலத்தில் பிழைத்தார் என்று சொல்ல வேண்டும். 1809 ஜனவரியில் வேலுத்தம்பி குண்டறையில் வெளியிட்ட பிரகடனம், ஆங்கிலேயர் வென்றால் கோயில்களில் சிலுவையும் அவர்கள் கொடியும் ஏறும் என்று மக்களை எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்த நஸ்ராணிகளின் சபைப் பணமோ எச்சரிக்கப்பட்ட எதிரியிடமே கிடந்தது. யுத்தம் சில மாதங்களில் முடிந்தது: வேலுத்தம்பி மண்ணடியில் உயிர் துறந்தார், பாலியத்து அச்சன் நாடு கடத்தப்பட்டார், கொச்சி நாட்டின்மீது ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் லட்சம் ரூபாய் கப்பம் சுமத்தப்பட்டது. கொச்சி உழவன் கட்டிய அந்தக் கப்பமும், சபைக்கு வந்துசேர வேண்டிய 840 ரூபாயும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்த பணம்.

இதே ஆண்டுகளில், பூமியின் மறுபுறத்தில், ஒரு சிறிய கிறிஸ்தவ சமூகம் இந்த வினாவை நேருக்கு நேராகக் கேட்டுவிட்டது என்பது வியப்பான பொருத்தம். பர்மிங்ஹாம் நகரில் துப்பாக்கிப் பட்டறை நடத்திவந்த சாமுவேல் கால்டன், யுத்தத்தையே பாவம் என்று கருதும் நண்பர் சங்கத்தைச் சேர்ந்தவர். பல காலம் அவருடைய குடும்பத் தொழிலைக் கண்டும் காணாதிருந்த சங்கம், 1795இல் அவரை விளக்கம் கேட்டு, 1796இல் விலக்கிவைத்தது. கால்டன் தம் தரப்பை எழுதி அச்சிட்டு வழங்கினார். அவருடைய வாதம் இலேசில் தள்ளிவிடத்தக்கதன்று. துப்பாக்கி செய்பவன் பாவியென்றால், போருக்காக விதிக்கப்படும் வரியைக் கட்டும் சங்கத்தினர் அனைவரும் யார்? படைக்கு ரொட்டியும் துணியும் விற்பவன் யார்? ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதும் யுத்தத்தோடு பின்னிக் கிடக்கும்போது, ஒரு பட்டறையை மட்டும் சுட்டிக்காட்டுவது எவ்வாறு நியாயமாகும்?

சங்கத்தார் அவருடைய தர்க்கத்துக்கு மசியவில்லை. எங்கேயாவது ஒரு கோடு கிழிக்க வேண்டும், துப்பாக்கிப் பட்டறை அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்கிறது என்று முடிவு கட்டினார்கள். எனக்கு இருதரப்பிலும் உண்மை தெரிகிறது. ஆனால் கால்டனின் உண்மை செயலற்றிருக்கச் செய்யும் உண்மை, சங்கத்தாரின் உண்மையோ ஏதாவது ஒன்றைச் செய்ய வைக்கும் உண்மை. கால்டன் குடும்பம் 1804இல் வங்கி திறந்து, காலப்போக்கில் துப்பாக்கியை விட்டு வங்கித் தொழிலில் நிலைகொண்டது என்பது இந்தக் கதையின் பிற்சேர்க்கை. துப்பாக்கியில் விளைந்த செல்வம் வங்கி வைப்பாக மாறியபின் அதன் பூர்வாசிரமத்தைப் பற்றி எவரும் பேசவில்லை.

வட்டிப்பணத்தால் நன்மை விளையவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. சில ஆண்டுகள் வாங்கப்படாமலே சேர்ந்து கிடந்த வட்டியை, அடுத்த ரெசிடெண்டாகிய கர்னல் மன்றோவின் உதவியால் பெற்ற புலிக்கோட்டில் ஜோசப் ரம்பான், அதைக் கொண்டு 1815 வாக்கில் கோட்டயத்தில் குருமாருக்கான கல்விச்சாலையைக் கட்டி எழுப்பினார். இன்றும் பழைய செமினாரி என்று வழங்கும் அந்த இடத்துக்குச் சர்ச் மிஷன் சங்கத்தின் பாதிரிமார் ஆசிரியர்களாக வந்தார்கள். அவர்களில் ஒருவரான பெஞ்சமின் பெய்லி மலையாள அச்சுக்கலைக்கும் மலையாள விவிலியத்துக்கும் செய்த தொண்டை மலையாளிகள் இன்றும் மறக்கவில்லை. படைச்செலவுக்காக வாங்கிய கடனுக்குக் கொடுத்த வட்டி, எழுத்தறிவாக மாறிக் கோட்டயத்தில் முளைத்தது. இந்த மாற்றத்தைக் கண்டு, விளைவு நன்றாயின் மூலத்தைத் துருவுவானேன் என்று ஒருவர் கேட்டால், அது சோழர் காலத்திலிருந்து வரும் கேள்விதான். அதற்கு நான் அஞ்சவில்லை, ஆனால் அதோடு திருப்தியடையவும் என்னால் இயலவில்லை.

பின்னர் நடந்தவை நீதிமன்றங்களின் சரித்திரம். சுருங்கச் சொன்னால் போதும். மிஷன் பாதிரிமாரின் சீர்திருத்தங்களை ஏற்பதில்லை என்று 1836 ஜனவரியில் மாவேலிக்கரையில் கூடிய சபைக்கூட்டம் தீர்மானித்தபின், பொதுச் சொத்துகளைப் பங்கிட வேண்டியதாயிற்று. கொச்சியில் அமர்ந்த மத்தியஸ்தர்கள் 1840 ஏப்ரலில் அளித்த தீர்ப்பில், செமினாரியும் 3,000 பூவராகனின் வட்டியும் சிரியன் சபைக்கும், மன்றோ தீவு முதலியன மிஷன் சங்கத்தார் பக்கத்துக்கும் சென்றன. வட்டியை மேற்றிராணியார் தனியே வாங்கலாகாது. குருமாரில் ஒருவரும் பொதுமக்களில் ஒருவரும் கூட்டுத் தர்மகர்த்தர்களாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அதிலிருந்து வேரூன்றியது. கணக்கு நாணயத்தைப் பற்றி அந்தக் காலத்துச் சபை எவ்வளவு விழிப்பாக இருந்தது என்பதற்கு இது சான்று. பணம் வெளியே போகும் வாயிலில் மூன்று காவலாளிகளை நிறுத்தினார்கள்; உள்ளே வரும் வாயிலில் ஒருவரையும் நிறுத்தவில்லை.

சீர்திருத்த நாட்டமுடைய தோமஸ் மார் அத்தனாசியோஸ் ஒருபுறமும், அந்தியோக்கியா மரபைப் பற்றி நின்றவர்கள் மறுபுறமுமாக நடந்த செமினாரி வழக்கு 1889இல் முடிந்தது. தோற்ற பிரிவினர் மார்த்தோமா சபையாகத் தனித்து வளர்ந்தார்கள். வென்ற பிரிவினரும் ஒற்றுமையாக நிலைக்கவில்லை. 1911இல் அந்தியோக்கியாவின் மறைமுதல்வர் வட்டச்சேரில் மார் திவன்னாசியோஸைச் சபைக்குப் புறம்பாக்கியதும், தர்மகர்த்தர்களில் இரு கட்சிகள் தோன்றி, இருவரும் வட்டிக்கு வந்து நின்றார்கள். கும்பினியின் கடன்களையெல்லாம் 1858இல் தன் தலையில் ஏற்றுக்கொண்டிருந்த ஆங்கில அரசாங்கம், இந்த 840 ரூபாயை யாருக்குக் கொடுப்பது என்று தெரிவிக்கும்படி, இந்தியா மந்திரியின் பெயரால் 1913இல் திருவனந்தபுரம் ஜில்லா நீதிமன்றத்தில் தானே வழக்குத் தொடுத்தது. கொடுக்க வேண்டியவனே வழக்காடி, வாங்குகிறவன் யாரென்று கேட்ட விநோதம் அது. 1919இல் ஒரு தீர்ப்பு, 1923இல் அதற்கு மாறான தீர்ப்பு, மறுவிசாரணையில் 1928இல் இறுதித் தீர்ப்பு: வட்டச்சேரில் மேற்றிராணியார் வென்றார். அந்த 15 ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் மகாயுத்தம் நடந்து, வட்டி கொடுக்கும் அரசாங்கம் இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கான சிப்பாய்களைக் கப்பலேற்றி அனுப்பி முடித்துவிட்டது. ஜில்லா நீதிமன்றத்தில் சபைகளின் வக்கீல்கள் ஆராய்ந்துகொண்டிருந்ததோ ஆயர்ப் பட்டம் யாரால் செல்லும் என்பது.

மேல்நாட்டுச் சபைகள் அந்த இரண்டாவது வினாவுக்கு நிதானமாகவே வந்து சேர்ந்தன. வியட்நாம் யுத்தத்தில் எரிகுண்டு செய்த கம்பெனிகளின் லாபத்தில் தங்கள் ஓய்வூதியம் வளர்வதைக் கண்டு மனம் பொறாத அமெரிக்க மெதடிஸ்தர்கள் இருவர் 1971இல் பாக்ஸ் நிதியைத் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசாங்கத்தின்கீழ்த் தொழில் நடத்திய கம்பெனிகளின் பங்குகளை விற்றுவிடுவதென்று உலகத் திருச்சபை மன்றம் 1972இல் முடிவு செய்தது. இங்கிலாந்துச் சபை, கண்மூடித்தனமாக உயிர்களை அழிக்கும் ஆயுதம் செய்யும் கம்பெனிகளை முற்றிலும் ஒதுக்கி, மற்ற ஆயுத விற்பனையால் வரும் வருவாய் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டும் கம்பெனிகளையும் விலக்கியது. ரோமாபுரியில், பாப்பரசரின் சமூக விஞ்ஞானக் கழகம் 2022இல் வெளியிட்ட முதலீட்டு நெறிமுறைகளும் விலக்கத் தக்கவற்றின் வரிசையில் ஆயுதங்களைச் சேர்த்தன. நண்பர் சங்கத்தார் கிழித்த கோடு, சதவீதக் கணக்காகப் பக்குவமடைந்தது.

அந்த அளவுகோலைக் கொச்சியில் வைத்துப் பார்க்க நினைப்பவர் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மட்டாஞ்சேரிக்கு எதிரே, வில்லிங்டன் தீவைக் கடந்தால் தேவரையில் கொச்சிக் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்க்கப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அங்கேதான் உருவாயிற்று. கொச்சிக் காயலில் ஊர்மக்களையும் சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிச் செல்லும் ஜல மெட்ரோப் படகுகளைக் கட்டியதும் அதே தளம்தான். கடற்படையின் ஆணைகளும் படகுத்துறையின் ஆணைகளும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வரவாகின்றன. 2017 முதல் அதன் பங்குகள் சந்தையில் விற்கப்படுகின்றன. கால்டன் உயிரோடு இருந்தால், தம் வாதத்துக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கேட்டிருக்கமாட்டார்.

இங்கே நம் நாட்டுச் சட்டம் ஒரு விசித்திரத்தைச் செய்திருக்கிறது. தர்ம ஸ்தாபனங்கள் வரிவிலக்குப் பெற வேண்டுமானால் தங்கள் நிதியை எவ்வெவற்றில் மட்டும் வைக்கலாம் என்பதை 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 11ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு வரிசைப்படுத்திவைத்தது. தபால் சேமிப்பு, வங்கி வைப்பு, அரசாங்கக் கடன் பத்திரம் ஆகியவை அதில் உண்டு. தனியார் கம்பெனியின் பங்கை நேராக வாங்குவதற்கு இடமில்லை. பொதுத்துறைக் கம்பெனிகளில் முதலீடு செய்வதற்கோ தாராளமாக இடமுண்டு. ஏழைகளின் காசு சூதாட்டத்தில் கரைந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட விதி இது. அரசாங்கமே காப்பான இடம் என்ற, 1808இல் மேற்றிராணியாருக்கு எட்டிய அதே முடிவுக்குத்தான் சட்டமும் வந்து சேர்ந்தது. அதன் பயனாக, சோப்பு செய்யும் தனியார் கம்பெனியின் ஒரு பங்கைக்கூட நேராக வாங்க இயலாத ஒரு கொச்சிக் கோயில் தர்மகர்த்தர், காயலுக்கு அக்கரையில் விமானந்தாங்கிக் கப்பல் கட்டிய கம்பெனியின் பங்குகளைச் சட்டம் அனுமதிக்கும் முதலீடாகவே வாங்கிவைக்கலாம்.